69 சார்ஜர் கான்செப்ட்: பேட்ஜை எடுத்துட்டா எந்த காருன்னே தெரியல, எதை விடக்கூடாது எதை மாத்தலாம்?

கோடுகிறுக்கி

மக்களே, பிளெண்டர்ல (3D மாடலிங் சாஃப்ட்வேர்) ஒரு ப்ராஜெக்ட் ஓடிட்டு இருக்கு. 1969 டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி தான் பேஸ். பழைய பாடிய அப்படியே வெச்சுக்கிட்டு வீலும் இன்ஜினும் மட்டும் மாத்துற ரெஸ்டோமாட் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன், முழுசா ஒரு ஷோ கார் கான்செப்ட் மாதிரி, அந்த டாட்ஜ் டிசைன் ஸ்டூடியோவே இன்னைக்கு உக்காந்து அதே கார மறுபடி வரைஞ்சா எப்படி வரும்ங்குற கணக்குல போயிட்டு இருக்கேன்.

பிரச்சனை என்னன்னா பழைய டீட்டெயில் எல்லாத்தையும் உள்ள கொண்டு வந்தா பழசை காப்பி அடிச்ச மாதிரி இருக்கு, ஒவ்வொண்ணா கழட்ட ஆரம்பிச்சா கடைசில 2008க்கு அப்புறம் வந்த சேலஞ்சர் மாதிரி ஆயிடுது. பேட்ஜ எடுத்துட்டு ரெண்டு பேர்ட்ட காட்டினேன், ஒருத்தர் சேலஞ்சர்னார், இன்னொருத்தர் கமாரோவான்னு கேட்டார். நொந்துட்டேன்.

இப்போ இருக்குற நிலைமை: வீல்பேஸ் ஒரிஜினல் 117 இன்ச், மாத்தல. 20 இன்ச் வீல். கூரைய ரெண்டு இன்ச் இறக்கியிருக்கேன். முன்னாடி மூடுற ஹெட்லைட்டுக்கு பதிலா மெல்லிசா ஒரு எல்இடி கோடு. பின்கண்ணாடி ரெண்டு சி பில்லருக்கு (கூரைய தாங்குற பின் தூண்) நடுவுல பள்ளத்துல உக்காந்திருக்கும்ல, அத வழவழன்னு ஒரே சரிவா இழுத்து விட்டுட்டேன், ஏன்னா அந்த இடத்துல மெஷ் (மாடலோட வலைப்பரப்பு) மடங்கி மடங்கி உயிரை எடுக்குது. டெயில் லைட் 69 மாதிரியே நீளமா ரெண்டு. கதவுல இருக்குற அந்த ரெண்டு குழிவு எடுத்தாச்சு.

சைடு வியூ கீழ போட்டிருக்கேன். எதை தொடவே கூடாது, எதுல கை வைக்கலாம்? தயங்காம கிழிங்க.

நாலுபேரல்

மொதல்ல ஒண்ணு கேக்குறேன், ரெஃபரன்ஸ் போட்டோ எல்லாம் ஒரே வருஷம் தானா? உன் படத்துல முன்பக்கம் 68, பின்பக்கம் 69. 68 கிரில் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நடுவுல பிரிவே இல்லாம ஒரே கருப்பு வாய், 69ல தான் நடுவுல பிரிச்சாங்க. 68ல டெயில் லைட் பக்கத்துக்கு ரெண்டு வட்டம், 69ல நீளப் பட்டை. 70ல முன்னாடி கிரில்ல சுத்தி ஒரே க்ரோம் வளையமா பம்பர் வந்துடுச்சு. கான்செப்ட்டுக்கு கலந்துக்கலாம் தப்பில்ல, ஆனா தெரிஞ்சு கலக்கணும்.

அப்புறம் மெயின் மேட்டர். 68 பாடிய (69லயும் அதே பாடி தான்) வரைஞ்சவர் ரிச்சர்ட் சியாஸ், பில் பிரவுன்லி கீழ இருந்த டாட்ஜ் ஸ்டூடியோ. அவரோட ஐடியா என்னன்னா டபுள் டயமண்ட், அதாவது முன் ஃபெண்டர் ஒரு டயமண்ட், பின் குவார்ட்டர் (பின் சக்கரத்த சுத்தி இருக்குற பேனல்) ஒரு டயமண்ட், ரெண்டும் கதவுக்கிட்ட ஒடுங்கி சந்திக்கும். எல்லாரும் கோக் பாட்டில் ஷேப்னு சொல்றது அதைத்தான், ஆனா கோக் பாட்டில்னு நெனச்சுட்டு வரைஞ்சா சும்மா இடுப்ப வளைச்சு விட்டுட்டு போயிடுவோம், ரெண்டு டயமண்ட்னு நெனச்சா தான் ஃபெண்டர் உச்சி எங்க வருது, பின்னாடி எழும்புற இடம் எங்க ஆரம்பிக்குதுன்னு கை சரியா போகும். உன் சைடு வியூல மேல் கோடு ஹெட்லைட்ல இருந்து டெயில் லைட் வரைக்கும் ஒரே நேர்கோடா ஓடுது தம்பி. அங்கதான் சார்ஜர் செத்துப்போச்சு. நீ எடுத்துட்டேன்னு சொன்ன கதவுக் குழிவு சும்மா அலங்காரம், பொய்யான ஏர் இன்டேக், அது போனா ஒண்ணும் குடி முழுகிடாது.

களிமண்கை

நாலுபேரல் அண்ணன் சொன்னது சரி, ஆனா என் கண்ணுல மொதல்ல பட்டது வீல் தான்.

கணக்கு போட்டு பாப்போம். ஸ்டாக் டயர் எஃப்70-14, குத்துமதிப்பா 26 இன்ச் உயரம். 117ல இருந்து ஒரு டயர் உயரத்த கழிச்சா முன் டயருக்கும் பின் டயருக்கும் நடுவுல 91 இன்ச் இடம், அதாவது மூணரை டயர் உள்ள உக்காரும். நீ 275/40 ஆர்20 மாதிரி ஏதாவது போட்டிருப்ப, அது 28.7 இன்ச் வரும், நடுவுல 88 சொச்சம், மூணு டயருக்கு துளி மேல அவ்ளோதான். வீல்பேஸ் மாத்தவே இல்லன்னு நீ நெனச்சுட்டு இருக்க, ஆனா கண்ணு இன்ச் பாக்காது, டயரை வெச்சுதான் மத்த எல்லாத்தையும் அளக்கும். அதனால உன் கார் ஆட்டோமேட்டிக்கா குட்டையாயிடுச்சு. சேலஞ்சர்னு அந்த ஆள் சொன்னதுல தப்பே இல்ல, 70 சேலஞ்சர் வீல்பேஸ் 110 தான், நீ தெரியாமலே அந்த விகிதத்துக்கு போயிட்ட.

அதுக்காக மூணரை டயர் வேணும்னு 129 இன்ச் வீல்பேஸ் வெச்சுடாத, அது லிமோசின். முன் சக்கரத்த மட்டும் முன்னால தள்ளு. ஒரிஜினல் சார்ஜர்ல முன் ஓவர்ஹாங் ரொம்ப நீளம், மொத்த நீளமே 208 இன்ச், மூக்கு சக்கரத்துக்கு முன்னாடி தொங்கிட்டு இருக்கும். 2018 செமா ஷோல (அமெரிக்கால நடக்குற கார் பாகங்கள் கண்காட்சி) மோபார் (டாட்ஜோட பாகங்கள் பிரிவு) ஆளுங்க 68 சார்ஜர வெச்சு சூப்பர் சார்ஜர்னு ஒரு கான்செப்ட் காட்டினாங்கல்ல, 1000 குதிரைசக்தி ஹெல்லெஃபன்ட் இன்ஜின் போட்டது, எல்லாரும் இன்ஜினையே பாத்துட்டு போயிட்டாங்க. அதுல உருப்படியான வேலை வேற. முன் சக்கரத்த ரெண்டு இன்ச் முன்னால நகர்த்தினாங்க, கூரை ஓரத்துல மழைத்தண்ணி வடியுற ட்ரிப் ரெயில செதுக்கி எடுத்தாங்க, கதவுல இருந்த சின்ன முக்கோண வென்ட் கண்ணாடிய எடுத்துட்டு ஒரே கண்ணாடி ஆக்கினாங்க, பம்பர ஃபைபர் கிளாஸ்ல செஞ்சு பாடியோட ஒட்டி உக்கார வெச்சாங்க. ஒரு புது கோடு கூட போட்ட மாதிரி தெரியாது, ஆனா பாத்தா இப்போ வரைஞ்ச கார் மாதிரி நிக்கும். ரெண்டு இன்ச் தானேன்னு நெனைக்காத, முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவுல இருக்குற தூரம் தான் பின் சக்கரம் தள்ளுற கார்ங்குறத சொல்லுது.

இன்னொண்ணு, கூரைய இறக்குனத மொதல்ல திரும்ப ஏத்து. அந்த கார் ஏற்கனவே 53 இன்ச் சொச்சம் தான் உயரம். பெரிய வீலும் போட்டு கூரையும் வெட்டுனா கண்ணாடி வெறும் கீறலாயிடும், உள்ள ஆள் உக்காருற கார்ங்குற நம்பிக்கையே போயிடும்.

பழைய இரும்பு

நான் ஒண்ணே ஒண்ணு தான் சொல்லுவேன். அந்த பின்கண்ணாடி பள்ளத்த மூடுனவன் சார்ஜர வரையல, வேற எதையோ வரையுறான். ரெண்டு பக்கமும் சி பில்லர் பறந்து வந்து டிக்கில இறங்குற அந்த அழகு தான் காரே. மெஷ் மடங்குதுன்னு டிசைன மாத்துறதெல்லாம் என்ன நியாயம் சார். மெஷ்ஷ கத்துக்கோங்க.

இதே மாதிரி தான் கம்பெனியும் பண்ணிச்சு, 1999ல டெட்ராய்ட்ல சார்ஜர்னு ஒரு கான்செப்ட் காட்டினாங்க, நாலு கதவு! சரி ஷோ கார் தானேன்னு விட்டா 2006 மாடலா ரோட்டுக்கு வந்ததும் நாலு கதவு. நல்லா ஓடுற கார் தான் இல்லன்னு சொல்லல, ஆனா பேரு மட்டும் சார்ஜர். அதே 2006ல சேலஞ்சர் கான்செப்ட் எவ்ளோ மரியாதையா பண்ணாங்க. பேர வெச்சுட்டு காரை மாத்தாதீங்க.

நாலுபேரல்

இரும்பு அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அந்த பள்ளத்த மொதல்ல மூடுனதே டாட்ஜ் தான், அதுவும் 69லயே.

கதை தெரியாதவங்களுக்கு சொல்றேன். 68 சார்ஜர் பாக்க அம்சமா இருந்துச்சு, நாஸ்கார் ரேஸ்ல ஓவல் டிராக்ல ஓடும்போது பெரிய தொல்லை. முன்னாடி உள்ள தள்ளி இருக்குற கிரில் காத்தை வாங்கி அடைச்சுக்கும், பின்னாடி அந்த கண்ணாடி பள்ளத்துல காத்து சுழன்டு பின்பக்கத்த தூக்கும். அதனால 69ல சார்ஜர் 500னு ஒண்ணு விட்டாங்க, கொரோனெட் கிரில்ல எடுத்து முன்னாடி கொண்டு வந்து மட்டமா மாட்டி, பின்கண்ணாடிய பில்லரோட சமமா ஒரு மூடி போட்டு சரிவா ஆக்கினாங்க. நம்ம கோடுகிறுக்கி இப்போ பண்ணியிருக்குறது அதே வேலை தான். அது அந்த வருஷ டேடோனா 500 ரேஸுக்கு போதல, ஃபோர்டு ஜெயிச்சிட்டான். அதுக்கு பதிலடியா தான் சார்ஜர் டேடோனா வந்துச்சு, முன்னாடி கூரான மூக்கு, பின்னாடி 23 இன்ச் உயர றெக்கை, ரேஸ்ல ஓட்டணும்னா சாலைக்கு 500 கார் செஞ்சே ஆகணும்னு ரூல் இருந்ததால அதை ஷோரூம்லயும் வித்தாங்க. 1970 மார்ச் 24 அன்னைக்கு டல்லடேகால பட்டி பேக்கர் அதுல மணிக்கு 200 மைல் தாண்டினார்.

ஆக கிரில், ஹெட்லைட், பின்கண்ணாடி மூணையும் மாத்தியும் அத பாத்து யாரும் இது சார்ஜர் இல்லன்னு சொன்னதில்ல. ஏன்? கதவு, ஃபெண்டர், பின் குவார்ட்டர், அந்த ரெண்டு டயமண்ட் அப்படியே இருந்துச்சு. நான் மேல சொன்னது இதுக்கு தான்.

பழைய இரும்பு

டேடோனாவுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, 200 மைல் போகணும். இவருக்கு இருக்குற காரணம் மெஷ் மடங்குது. ரெண்டும் ஒண்ணா?

களிமண்கை

இரும்பு சார் கோவத்துல சொன்னாலும் பாயிண்ட் இருக்கு, இத கொஞ்சம் பிடிச்சுக்கலாம்.

கான்செப்ட்னா ஒரு மாத்தம் எதுக்குன்னு கேட்டா ஒரு வரியில பதில் வரணும். இப்போ உன் கார்ல எல்இடி கோடு ஏன், தெரியாது. கூரை ஏன் இறக்கினே, தெரியாது. கண்ணாடி ஏன் சரிவு, மெஷ். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு பதில் கெடைக்கலாம், ஆனா எல்லாம் ஒரே பக்கம் இழுக்கல. அதனால தான் பாக்குறவனுக்கு யாரு இதுன்னு தெரியல, சைஸ் பிரச்சனை மட்டும் இல்ல.

நான் உன் இடத்துல இருந்தா ரெண்டுல ஒண்ணு எடுப்பேன். ஒண்ணு தெரு கார்: கண்ணாடி பள்ளம் இருக்கும், கருப்பு வாய் கிரில் இருக்கும், ஹெட்லைட் மூடி இருக்கும், மத்த எல்லாத்தையும் மழிச்சு எடு, ட்ரிப் ரெயில், வென்ட் கண்ணாடி, க்ரோம் எல்லாம். இல்லன்னா ஓவல் கார்: 500 வழி, காத்து தான் முதலாளி, கண்ணாடி சரிவு, மூக்கு மூடல், கீழ தரைய ஒட்டி டிஃப்யூசர் (பின்னாடி அடியில காத்த சீரா வெளிய விடுற பாகம்) வரைக்கும் போ. ரெண்டயும் பாதி பாதி எடுத்தா தான் கமாரோவான்னு கேப்பாங்க.

2006 கமாரோ கான்செப்ட்ட எடுத்துப் பாரு, 69 கமாரோ தான் மூலம்னு வெளிப்படையா தெரியும், ஆனா பக்கத்துல நிறுத்தினா ஒரு பேனல் கூட ஒத்துப்போகாது. பின் சக்கரத்து மேல எழும்புற தோளையும், உள்ள தள்ளின முன் முகத்தையும் எடுத்துட்டு மிச்சத்த விட்டுட்டாங்க. சேலஞ்சர் கான்செப்ட் அதுக்கு நேர் எதிர், கிட்டத்தட்ட எல்லாத்தையும் வெச்சுட்டு அளவ மட்டும் பெருசாக்கினாங்க, 110 வீல்பேஸ் 116 ஆச்சு. எனக்கு பர்சனலா கமாரோ வழி தான் பிடிக்கும், சேலஞ்சர் பாதுகாப்பான வேலை. இரும்பு சார் அடிக்க வராதீங்க.

ஒரு சைடு மேட்டர், அந்த சேலஞ்சர் கான்செப்ட் நடுத்தூண் இல்லாத ஹார்ட்டாப், விக்கிறதுக்கு வந்ததுல பி பில்லர் வந்துடுச்சு. நீ வரையுறது ஷோ கார், உனக்கு அந்த கட்டாயம் இல்ல. 68-70 சார்ஜரும் ஹார்ட்டாப் தான், ரெண்டு கண்ணாடியும் இறக்கினா பக்கம் முழுசும் திறந்திருக்கும். உன் மாடல்ல தடியா ஒரு பி பில்லர் நிக்குது, யாருக்காக?

வெர்டெக்ஸ் வீராசாமி

டிசைன் பேச நான் ஆள் இல்ல, மெஷ் பத்தி மட்டும் சொல்லிட்டு போறேன்.

சி பில்லர் இடத்துல மடங்குறதுக்கு காரணம் நீங்க கூரை, பில்லர், கண்ணாடி, டிக்கி நாலையும் ஒரே சர்ஃபேஸா இழுக்குறது. பில்லரோட வெளிப்பக்கத்த மொதல்ல தனியா செய்ங்க, பின் குவார்ட்டர்ல இருந்து ஒரே ஓட்டமா கூரை வரைக்கும், பள்ளமே இல்லன்னு நெனச்சு. அது சுத்தமா வந்தப்புறம் உள்பக்க சுவர தனி சர்ஃபேஸா செஞ்சு, ரெண்டும் சேர்ற விளிம்ப லேசா மழுக்க ஒரு சின்ன பெவல். கண்ணாடி இன்னொரு தனி ஆப்ஜெக்ட். சப்டிவிஷன் (பரப்ப பிரிச்சு வழவழப்பாக்குறது) லெவல ஏத்தி ஏத்தி சரி பண்ணலாம்னு பாக்காதீங்க, கேஜ்ல (மாடலோட அடிப்படை வலை) எவ்ளோ கம்மியா புள்ளி இருக்கோ அவ்ளோ நல்லது, பெரிய பாடி பேனலுக்கு புள்ளி அதிகமானா அலை அலையா வரும்.

செக் பண்ண வரிக்குதிரை கோடு மெட்டீரியல் போட்டு காரை சுத்தி வாங்க. பேனல் மாறுற இடத்துல கோடு உடைஞ்சா அங்க வளைவு தொடரல. பின் ஃபெண்டர் தோள்ல கண்டிப்பா உடையும், அங்க தான் எல்லாருக்கும் உடையுது.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்க முக்கால் கோண ரெண்டர் பாத்தேன், லென்ஸ் எவ்ளோ வெச்சிருக்கீங்க? பாக்க 35 மிமீ மாதிரி இருக்கு. மூக்கு பெருத்து பின்பக்கம் சுருங்கி போச்சு. 85 இல்ல அதுக்கு மேல வெச்சுட்டு கேமராவ தூரமா தள்ளி, கீழ இறக்குங்க, சக்கரத்து நடுமையம் உயரத்துக்கு கொஞ்சம் மேல. வைட் லென்ஸ்ல விகிதத்த பாத்து முடிவு எடுத்தீங்கன்னா இல்லாத பிரச்சனைய சரி பண்ணிட்டு இருப்பீங்க. ப்ளூபிரிண்ட்டும் நம்பாதீங்க, நெட்ல சுத்துற பாதி ப்ளூபிரிண்ட்ல சைடு வியூக்கும் ஃப்ரண்ட் வியூக்கும் உயரமே ஒத்துப்போகாது. வீல்பேஸ் 117னு மொதல்ல ஸ்கேல் பண்ணிட்டு, அப்புறம் ரொம்ப தூரத்துல இருந்து எடுத்த நிஜ போட்டோவோட ஒப்பிட்டு பாருங்க.

கோடுகிறுக்கி

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. லென்ஸ் 35 தான், எப்படி கண்டுபிடிச்சீங்க வீராசாமி சார்.

கூரை ஏத்தியாச்சு, முன் சக்கரம் மூணு இன்ச் முன்னால போயாச்சு, பி பில்லர் காலி. சும்மா இத மட்டும் பண்ணிட்டு கிரே மெட்டீரியல்ல பாத்தா ஏற்கனவே வேற கார் மாதிரி நிக்குது. இரும்பு அண்ணே உங்களுக்கு பிடிக்காது, ஓவல் வழில தான் போகப்போறேன். 500ஓட மூடின கண்ணாடிய எடுத்துக்குறேன், ஆனா றெக்கை வேண்டாம், றெக்கை வெச்சா டேடோனாவ தவிர வேற எதுவும் யாருக்கும் தெரியாது. காத்து தான் முதலாளின்னு களிமண்கை சொன்னத ஸ்க்ரீன் மேல எழுதி ஒட்டிட்டேன்.

இப்போ மூக்குல மாட்டிட்டு இருக்கேன். கருப்பு வாய மூடினா முகம் இல்லாம போகுது, மூடலன்னா காத்து கதை பொய்யாகுது. எலக்ட்ரிக்னு சொல்லி முழுசா மூடிடலாமா?

களிமண்கை

எலக்ட்ரிக்னு சொல்லி தப்பிக்காத, அது சோம்பேறி வழி. மூடாம காத்த உள்ள விட்டு வெளிய எடுக்குறது இன்னொரு வழி இருக்கு. 2022ல டாட்ஜ் காட்டின எலக்ட்ரிக் சார்ஜர் டேடோனா எஸ்ஆர்டி கான்செப்ட் அதத்தான் பண்ணிச்சு, ஆர்-விங்னு பேர் வெச்சாங்க, முன்பக்கம் பானட் நுனிக்கு கீழ ஒரு பெரிய வாய், காத்து அதுக்குள்ள போய் பானட் மேல வெளிய வரும். தூரத்துல இருந்து பாத்தா 68 கிரில்லோட அகலமும் இருட்டும் அப்படியே தெரியும், காத்தும் அடைச்சு நிக்காது. அந்த கார்ல மத்தது எனக்கு பெருசா பிடிக்கல, ரொம்ப பருமன், ஆனா இந்த ஒரு ஐடியா கில்லாடி.

நீ அத அப்படியே எடுக்காத. 69ல பானட் மேல ரெண்டு குழிவு இருக்கும், அதுல இன்டிகேட்டர் லைட் வெச்சிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? காத்து வெளிய வர்ற வழிய அந்த ரெண்டு குழிவுல குடு. பழைய டீட்டெயிலுக்கு புது வேலை கெடைச்ச மாதிரியும் ஆச்சு, ரெட்ரோன்னு யாரும் கை நீட்டவும் முடியாது.

நாலுபேரல்

அந்த பானட் குழிவு ஐடியா செம. ஹெட்லைட்டுக்கும் அதே மாதிரி யோசி. ஒரிஜினல்ல வாக்யூம்ல மூடி திறக்கும், இன்ஜின் ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆனா வாக்யூம் இறங்கி ஒரு கண்ணு மட்டும் பாதி திறந்து தூங்குற கார் எல்லாம் பாத்திருக்கேன். லைட் இருக்குறதே தெரியக்கூடாது, போட்டா மட்டும் தெரியணும், அதான் சார்ஜர் முகத்தோட மொத்த ரகசியமும். உன் எல்இடி கோடு எப்பவும் எரிஞ்சுட்டு இருக்கு, எல்லா புது காரும் அப்படித்தான் இருக்கு. கருப்பு கண்ணாடிக்கு பின்னாடி மறைச்சு வை.

பம்பர் விஷயத்துல உனக்கு ஜாலி தான், 73 மாடல்ல இருந்து முன்னாடியும், 74ல இருந்து பின்னாடியும் மணிக்கு 5 மைல் இடிய தாங்கணும்னு அமெரிக்க ரூல் வந்தப்புறம் தான் முன்னாடி பின்னாடி ரெயில்வே கர்டர் மாதிரி தொங்க ஆரம்பிச்சுச்சு. 69ல மெல்லிசா ஒரு கத்தி மாதிரி தான் இருக்கும். அத பாடி கலர்ல உள்ள தள்ளிடு.

பழைய இரும்பு

கண்ணாடி மூடினதுக்கு என் கண்டனம் பதிவு ஆகட்டும். ஆனா பானட் குழிவு நல்லா இருக்கு, ஒத்துக்குறேன்.

கலர் மட்டும் கெடுத்துடாதீங்க. மேட் பிளாக் போட்டு பாதி டிசைன இருட்டுல ஒளிக்குறது இப்போ எல்லாரும் பண்றாங்க, அந்த தோள் வளைவெல்லாம் எதுக்கு கஷ்டப்பட்டு வரையணும் அப்புறம். ப்ளம் கிரேஸி போடலாம்னு யாராவது சொல்லுவாங்க, அது 70ல வந்த கலர், 69 காருக்கு வேண்டாம். ஆரஞ்சு போடுங்க, பின்னாடி டிக்கிய சுத்தி வெள்ளை பம்பிள்பீ பட்டை, ஆர்/டி தானே.

வெர்டெக்ஸ் வீராசாமி

கலருக்கு இன்னும் நேரம் இருக்கு சார், மொதல்ல வரிக்குதிரை ரெண்டர் போட சொல்லுங்க. கோடுகிறுக்கி, ரெண்டு பக்கமும் 85ல எடுத்து பின் தோள் தெரியுற மாதிரி ஒண்ணு, முன்னாடி பானட் குழிவு தெரியுற மாதிரி ஒண்ணு இங்கயே போடுங்க. கேஜ் வயர்ஃப்ரேமும் சேத்து போட்டா எங்க புள்ளி குறைக்கலாம்னு வட்டம் போட்டு காட்டுறேன்.